அளவுகோலோடு எங்கள் பாலர் வகுப்புக்கு வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகளுக்கும், ஆய்வாளர்களுக்கும், பாலர் பள்ளி நடத்துநர்களுக்கும்,

வணக்கம். நான் மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பு ஆசிரியை. எங்கள் பிள்ளைகளின் சுயக்கட்டுப்பாட்டை அளக்க நீங்கள் படிவங்களோடும் டேப்லட்டோடும் வருகிறீர்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளைக்குச் சரியாகப் புரியாத மொழியில், முகம் தெரியாத ஒருவர், ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை அந்தப் பிள்ளையின் கோப்பில் எழுதி வைக்காதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். இந்த ஒரு கோரிக்கைக்கு ஏன் இத்தனை பக்கம் என்று நினைக்காமல் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

சுயக்கட்டுப்பாடு என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் தினமும் கண்ணால் பார்க்கிறோம். ‘பையை வை, கையைக் கழுவு, பாயில் வந்து உட்கார்’ என்று மூன்று வேலையை ஒன்றாகச் சொன்னால் ஒரு பிள்ளை மூன்றையும் முடித்துவிட்டு வந்து உட்காரும். இன்னொரு பிள்ளை கை கழுவப் போன இடத்தில் தண்ணீரோடு நின்றுவிடும், மூன்றாவது வேலை மறந்தே போயிருக்கும். சாய்ந்தாடும் பலகை காலியாகும் வரை ஒருத்தி பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருப்பாள். ஒருவன் ஓடிப்போய் ஆடுகிறவனை இழுத்து இறக்குவான். வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்போது பாட்டு நேரத்துக்கு மணி அடித்தால் பென்சிலைக் கீழே வைக்க முடியாமல் அழுகிற பிள்ளையும் உண்டு. கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, சொன்னதை நினைவில் வைத்திருப்பது, முந்திக்கொண்டு வரும் கையையும் வாயையும் அடக்குவது, அழுகை வந்தால் கொஞ்ச நேரத்தில் தானே தேறுவது, இவ்வளவும் அதற்குள் அடக்கம். இவை ஒன்றோடொன்று சேர்ந்து வளரும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் ஒரே வேகத்தில் வளராது.

இதை அளப்பது வீண் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பிள்ளைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை பின்தொடர்கிறார்கள். சிறு வயதில் சுயக்கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பணநிலையிலும் கூடுதலாகச் சிரமப்பட்டதை டெர்ரி மொஃபிட் குழு 2011இல் வெளியிட்டது. குடும்ப வசதியையும் அறிவுத்திறனையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வேறுபாடு மிஞ்சியது. பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. ஆனால் அவர்கள் எப்படி அளந்தார்கள் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் சொல்வதில்லை. மூன்று வயதில் தொடங்கிப் பல ஆண்டுகள் அளந்தார்கள். ஆய்வாளர் பார்த்தார், பெற்றோர் சொன்னார்கள், ஆசிரியர் சொன்னார், வளர்ந்த பின் பிள்ளையே சொன்னது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். காலையில் வந்து இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு போகும் அளவீட்டுக்கு டனீடின் ஆய்வைச் சான்றாகக் காட்டுவது நியாயமில்லை.

நீங்கள் கொண்டுவரும் கருவிகளில் எனக்குப் பிடித்தது தலை, கால்விரல், முழங்கால், தோள் என்ற பயிற்சி. அமெரிக்காவில் மேகன் மெக்லெலண்டும் கிளேர் கேமரனும் சேர்ந்து உருவாக்கியது. ‘தலையைத் தொடு’ என்றால் பிள்ளை கால்விரலைத் தொட வேண்டும், ‘கால்விரலைத் தொடு’ என்றால் தலையை. பிறகு முழங்காலும் தோளும் சேரும், கடைசியில் விதியே மாறும். மொத்தம் 30 கட்டளை, 60 புள்ளி. சரியாகச் செய்தால் 2, தவறினால் 0. தவறான பக்கம் கை போய்த் தானே திருத்திக்கொண்டால் 1.

எங்கள் வகுப்பில் இதைத் தமிழில் செய்து பார்த்தோம். ஒரு சிறுமி, ‘தலையைத் தொடு’ என்றதும் இரண்டு கையையும் தூக்கினாள். கை காதுவரை வந்தது. அங்கேயே நின்றது. உதட்டைக் கடித்தாள், கண்ணை ஒரு தரம் இறுக்கி மூடித் திறந்தாள், பிறகு சட்டென்று குனிந்து கால்விரலைத் தொட்டாள். ஏட்டில் அதற்கு ஒரு புள்ளி. ஆனால் காதருகே கை நின்றுபோன அந்த ஒரு நொடியில்தான் நாம் அளக்க வந்த சுயக்கட்டுப்பாடு வேலை செய்தது. பழகிய செயல் முன்னே வருகிறது, பிள்ளை அதைப் பிடித்து நிறுத்துகிறது, விதியை நினைவுக்குக் கொண்டுவருகிறது, வேறு செயலைச் செய்கிறது. மூன்று மாதம் கழித்து அதே சிறுமியின் கை தோளுக்கு மேலே போகாமலே திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்த வளர்ச்சி தெரியும். மொத்தப் புள்ளியை மட்டும் பார்ப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

இனி மனத்தாங்கல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு இதே பயிற்சியைப் பிள்ளைகளிடம் மலாயில் செய்தது. எந்தக் குழு, எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர். ‘பெகாங் கெப்பாலா’, அதாவது ‘தலையைத் தொடு’, என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளில் ஒரு பையனுக்குத் தெரியும், அதை மலாய்ப் பாட்டில் பாடியிருக்கிறான். அதற்கு முன் சொன்ன நீண்ட விளக்கம்தான் அவனுக்கு எட்டவில்லை: நான் ஒன்று சொல்வேன், நீ அதற்கு நேர்மாறாகச் செய், நான் சொன்னதைச் செய்யாதே. வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிற, பாட்டி வளர்த்த பிள்ளை. சொன்னபடியே தலையைத் தொட்டான். பிறகும் தலையைத் தொட்டான். எதிரில் இருந்தவர் முகத்தைப் பார்த்தான், தவறு என்று தெரிந்துவிட்டது, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். சில நாளில் தாளில் வந்த முடிவில், கட்டளையைப் பின்பற்றும் திறன் குறைவு, தூண்டலை அடக்கும் திறன் குறைவு என்று இருந்தது.

அந்தப் பையனின் அம்மா பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராகப் பள்ளிக்கு வந்தார். கையில் அந்தத் தாள். ‘டீச்சர், இவனுக்கு ஏதாவது குறையா? டாக்டருகிட்ட கொண்டு போகணுமா?’ என்று கேட்டார். அதற்கு முந்தின வாரம்தான் அவன் இரண்டு வட்டம் வரைந்து, சின்ன வட்டத்தைத் தொட்டால் கத்த வேண்டும், பெரிய வட்டத்தைத் தொட்டால் மெல்லப் பேச வேண்டும் என்று தானே ஒரு விளையாட்டைக் கட்டி, மற்ற பிள்ளைகளை விதி தவறாமல் ஆட வைத்தவன். அதே பயிற்சியை நான் தமிழில், பாயில் உட்கார்ந்து, இரண்டு மூன்று தரம் செய்து காட்டிவிட்டு ஆட வைத்தபோது வகுப்பில் பாதிப் பேரைவிட நன்றாகச் செய்தான். அம்மாவுக்கு அதைக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. ஆனால் தாள் தாளாகவே இருக்கிறது, அதை யாரும் திருத்தவில்லை.

நம் ஊரில் இந்தச் சிக்கல் ஒரு மொழியோடு முடிவதில்லை. தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் தமிழ், தாபிகா எனும் அரசாங்கப் பாலர் பள்ளியில் மலாய், தனியார் பாலர் பள்ளியில் ஆங்கிலம். பட்டர்வொர்த்தில் ஒரே அடுக்குமாடியில் இருக்கும் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் மூன்று மொழியில் அளக்கப்படலாம். பராமரிப்பாளர் மலாய்க்காரராக இருந்தால் பிள்ளைக்கு மலாயே முதலில் வரும். வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழ்ப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களைத் தமிழில் அளந்தால் அதே அநியாயம் திரும்பி நடக்கும். ஆகவே தமிழ்ப் பெயர் என்றால் தமிழ்க் கேள்வி என்று முடிவு செய்யவும் கூடாது. ‘வீட்டில் கோபம் வந்தால் பிள்ளை எந்த மொழியில் பேசும்?’ என்று பெற்றோரைக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன், பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடும்.

மொழிச் சுமை குறைந்த கருவிகளும் இருக்கின்றன. நான் பென்சிலால் ஒரு தரம் தட்டினால் நீ இரண்டு தரம் தட்டு, நான் இரண்டு தரம் தட்டினால் நீ ஒரு தரம். ஏடல் டயமண்ட் குழுவினர் 1990களில் பாலர்களோடு செய்த பயிற்சி இது. விதியைச் செய்து காட்டியே புரிய வைத்துவிடலாம். அதே குழுவின் சூரிய அட்டைக்கு ‘ராத்திரி’, நிலா அட்டைக்குப் ‘பகல்’ என்று சொல்லும் பயிற்சியையும் எந்த மொழிக்கும் எளிதில் கொண்டுவரலாம். அட்டைகளை முதலில் நிறத்தால் பிரிக்கச் சொல்லி, பாதியில் வடிவத்தால் பிரிக்கச் சொல்லும் பயிற்சியும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை புதிய விதியை வாயால் சரியாகச் சொல்லும், கை மட்டும் பழைய விதிப்படியே அட்டையை வைக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தெரிந்திருப்பதும் செய்ய முடிவதும் அந்த வயதில் வேறு வேறு என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

இனிப்பை வைத்துக் காத்திருக்கச் சொல்லும் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். இப்போது ஒன்று, பொறுத்திருந்தால் இரண்டு. வால்டர் மிஷல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் 1960களின் கடைசியில் தொடங்கியது. பேராசிரியர்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளி அது. டைலர் வாட்ஸ் குழு 2018இல் பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, காத்திருப்புக்கும் பின்னாளைய படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வில் இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான். குடும்பச் சூழலையும் சிறு வயதுத் திறன்களையும் கணக்கில் எடுத்தால் அதிலும் பெரும்பகுதி கரைந்துபோனது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது செலெஸ்ட் கிட் குழு அமெரிக்காவின் ராசெஸ்டரில் செய்து 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. முதலில் பிள்ளைகளிடம் நல்ல வண்ணப் பொருள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றவர்களிடம் மன்னித்துக்கொள், இல்லை என்று கைவிரித்தார்கள். அதற்குப் பிறகு இனிப்புச் சோதனை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் பிள்ளைகள் சராசரியாகப் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். ஏமாந்த பிள்ளை சீக்கிரம் சாப்பிட்டது சரியான கணக்கு என்றே நான் சொல்வேன். சம்பள நாள் தள்ளிப்போய், ‘அடுத்த வாரம் வாங்கித் தரேன்’ என்ற பேச்சு நிறைவேறாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை, கைக்குக் கிடைத்ததை உடனே எடுத்துக்கொண்டால் அதைப் பிள்ளையின் குறையாக எழுதுவீர்களா?

எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஜப்பானில் யனாவோகா குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானியப் பிள்ளைகள் உணவுக்கு நெடுநேரம் காத்திருந்தார்கள், பொட்டலம் கட்டிய பரிசைப் பிரிக்க அவ்வளவு காத்திருக்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைகள் நேர்மாறாக நடந்துகொண்டார்கள். எல்லாரும் உட்காரும் வரை சாப்பிடாமல் இருப்பது ஜப்பானிய வீட்டுப் பழக்கம். பிறந்தநாள் பரிசைப் பிரிக்கக் காத்திருப்பது அமெரிக்க வீட்டுப் பழக்கம். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். விநாயகர் சதுர்த்தி அன்று கொழுக்கட்டை வாசனை வீடு முழுக்க அடிக்கிறது, சாமிக்குப் படைக்கும் முன் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. நாலு வயதுப் பிள்ளை அடுப்படிக்கும் சாமி அறைக்கும் நடந்து நடந்து காத்திருக்கும். அதே பிள்ளை கடையில் விளையாட்டுக் காருக்காகத் தரையில் புரளும். கொழுக்கட்டையை வைத்து அளந்தால் ஒரு எண் வரும், காரை வைத்து அளந்தால் வேறு எண் வரும்.

ஆசிரியர்கள் நிரப்பும் படிவத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சக ஆசிரியர்கள் கோபித்தாலும் சொல்லியாக வேண்டும். நம்மவர்களுக்கு வாய் திறக்காத பிள்ளைதான் நல்ல பிள்ளை. அதற்கே முழு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். பிரம்புக்குப் பயந்து அசையாமல் இருப்பவன், ஆசிரியர் வெளியே போன அடுத்த நொடி மேசைமேல் ஏறுவான். கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துருதுருவென்று இருப்பவள், யாரும் பார்க்காதபோதும் தன் முறைக்குக் காத்திருப்பாள். முதல் பிள்ளையிடம் இருப்பது பெரியவர்களின் கட்டுப்பாடு, இரண்டாமவளிடம் இருப்பதுதான் சுயக்கட்டுப்பாடு. படிவத்தில் முதல்வன் உயர்ந்தும் இரண்டாமவள் தாழ்ந்தும் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் வரும் புள்ளிக்கும் ஆசிரியர் மதிப்பீட்டுக்கும் பல ஆய்வுகளில் ஒப்புமை குறைவாகவே இருப்பது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ஆகவே இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

வயதை மாதத்தில் எழுதுங்கள். நம் நாட்டில் பிறந்த ஆண்டைப் பார்த்துத்தான் வகுப்பு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். ஐந்து வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதே போல டிசம்பர் 31ஐ எல்லையாக வைத்துச் சேர்க்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். 2012இல் வந்த அந்த ஆய்வின்படி, டிசம்பரில் பிறந்த பையன்களுக்குக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்று முத்திரை விழும் வாய்ப்பு ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு கூடுதல். பெண் பிள்ளைகளுக்கு 70 விழுக்காடு. வயதில் சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக நடந்துகொண்டதற்கு நோய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். மருந்தும் அப்படியே கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இங்கே அந்தத் தவறை நாம் செய்ய வேண்டாம்.

பிறகு எப்படித்தான் அளப்பது என்று கேட்பீர்கள். விளையாட்டில் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் வொல்லொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹவர்ட் குழு, பிள்ளைகள் கூட்டாக ஆடும் நினைவாற்றல் விளையாட்டு போன்ற சாதாரணச் செயல்களின்போதே அவர்களைக் கவனித்துக் குறிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. தேர்வு என்றே பிள்ளைக்குத் தோன்றாது. நம்மிடம் இதற்கான விளையாட்டுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. ‘காக்கா பறக்குது, கிளி பறக்குது, கொக்குப் பறக்குது’ என்று சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று ‘மாடு பறக்குது’ என்போம். பறப்பதற்குத்தான் கையைத் தூக்க வேண்டும், மாட்டுக்குத் தூக்கியவன் அவுட். கணினித் திரையில் மீன் வந்தால் தொடு, சுறா வந்தால் தொடாதே என்று நீங்கள் வைக்கும் பயிற்சியும் இதே வேலையைத்தான் செய்கிறது. குலை குலையா முந்திரிக்காயில் வட்டமாக உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் காத்திருக்க ஐந்து வயதுப் பிள்ளை படும் பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? இவற்றை அப்படியே அளவுகோலாக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வயதில் எத்தனை பிள்ளை செய்யும் என்று முறையாகப் பார்த்து, மறுபடியும் அதே முடிவு வருகிறதா என்று சோதித்த பிறகே அது அளவுகோலாகும். அந்த வேலைக்குப் பல்கலைக்கழகங்கள் முன்வந்தால், பினாங்கில் வகுப்பறைக் கதவைத் திறந்துவிட ஆசிரியர்கள் கிடைப்பார்கள்.

பாலர் பள்ளிப் பாடத்திட்டத்தில் சமூக உணர்வு வளர்ச்சிக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது, நாங்கள் ஆண்டு முழுக்கக் கவனித்துக் குறித்தும் வருகிறோம். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துச் சோதிக்க நேரம் வராது. கூட்டு விளையாட்டில் நாளுக்கு மூன்று நான்கு பிள்ளைகளைக் கவனிப்பது முடியும். எதைக் கவனிப்பது, எப்படிக் குறிப்பது என்ற பயிற்சியைத் தமிழிலும் தாருங்கள்.

தனியார் பாலர் பள்ளி நடத்துநர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்க்கை நாளில் நான்கு வயதுப் பிள்ளையை உட்காரவைத்துப் பத்து நிமிடம் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்து இடம் தருவதும் மறுப்பதும் நடக்கிறது. அதை நிறுத்துங்கள். சுயக்கட்டுப்பாட்டைக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளையிடம் அதை நுழைவுச்சீட்டாகக் கேட்க உங்களுக்கு எந்த ஆய்வும் அனுமதி தரவில்லை. அளவீட்டில் பின்தங்கிய பிள்ளையைக் கடைசி வரிசைக்கோ வேறு வகுப்புக்கோ அனுப்பும் பள்ளிகளுக்கும் இதையே சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்குத்தான் விளையாட்டும் ஆசிரியர் கவனமும் அதிகம் தேவை.

அடுத்த முறை வரும்போது முதல் நாள் சும்மா வந்து பாயில் உட்காருங்கள். பிள்ளைகள் உங்கள் பெயரைக் கேட்கட்டும், உங்கள் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கட்டும். மறுநாள் பசியாறிய பிறகு, வெயில் ஏறும் முன் தொடங்குங்கள். ஆண்டில் மூன்று தடவையாவது வாருங்கள். முடிவைப் பெற்றோருக்குத் தாளில் அனுப்பாமல், ஆசிரியரை வைத்துக்கொண்டு அவர்கள் மொழியில் நேரில் சொல்லுங்கள். உங்கள் படிவத்தில் நான்கு கட்டங்களைச் சேருங்கள்: எந்த மொழியில் கேட்கப்பட்டது, அன்று பிள்ளைக்கு எத்தனை மாத வயது, எத்தனை மணிக்கு, கேட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவரா. அந்த நான்கும் நிரப்பப்படாத படிவத்தில் புள்ளியை எழுதும் கட்டத்தையும் காலியாகவே விடும்படி உங்கள் அலுவலர்களுக்கு உத்தரவிடுங்கள். ஏற்கெனவே கோப்பில் ஏறிய எண்களில் பிள்ளைக்குப் புரியாத மொழியில் எடுத்தவை எவை என்று பார்த்து நீக்குங்கள். அதற்கு உதவ நானும் என் சக ஆசிரியைகளும் தயாராக இருக்கிறோம்.

இக்கண்,
ஒரு பாலர் பள்ளி ஆசிரியை,
செபராங் பிறை, பினாங்கு